பின்னிணைப்பு வாங்குவதா, உள்ளிணைப்பைத் திருத்துவதா: தேடலில் முன்னேற உழைப்பை எதில் போடலாம்?

"எங்கள் தளத்தின் டொமைன் அத்தாரிட்டி 12. போட்டித் தளத்துக்கு 41. இணைப்புகளை விலைக்கு வாங்கி ஏற்றிவிடலாமா, இல்லை கட்டுரைகளையே எழுதிக்கொண்டு போகலாமா?" தளம் நடத்துகிறவர்கள் என்னிடம் கேட்பதில் முக்கால்வாசி இந்தக் கேள்வியின் ஏதோ ஒரு வடிவம்தான். இதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. டொமைன் அத்தாரிட்டி போல, பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்புகளை (பின்னிணைப்புகளை) வைத்துப் போடும் மதிப்பெண், தேடல் வரிசையை உண்மையிலேயே அசைக்கிறதா? இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் பணத்தை எடுத்து வைக்கக் கூடாது.

அசைக்கிறது என்பதுதான் என் பதில். ஆனால் அசைக்கிற மதிப்பெண் வேறு, உங்கள் திரையில் தெரிகிற மதிப்பெண் வேறு. இந்த ஒரு குழப்பத்தில் போகும் பணம் கொஞ்சநஞ்சமல்ல.

## ஒரே பெயரில் உலவும் மூன்று மதிப்பெண்கள்

முதலாவது, தேடுபொறிக்குள் இருப்பது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் உருவாக்கி, 1998-ல் கட்டுரையாக வெளியிட்ட பேஜ்ரேங்க் அதன் மூலம். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அது ஒரு வாக்கு. வாக்களிக்கும் பக்கம் எவ்வளவு கனமோ, அதற்கேற்ற கனம் அந்த வாக்குக்கும் உண்டு. அந்தப் பக்கம் பத்து இடங்களுக்கு இணைப்புக் கொடுத்தால் அந்தக் கனம் பத்தாகப் பிரியும். இன்று உள்ளே ஓடும் கணக்கு இதைவிட வெகுதூரம் மாறிவிட்டது. அதன் எண் வெளியில் யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, பழைய பச்சைப் பட்டை. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் கூகுள் தன் டூல்பாரில் 0 முதல் 10 வரை ஒரு எண்ணைக் காட்டத் தொடங்கியது. இணைப்புச் சந்தை சூடுபிடித்ததில் அந்தப் பட்டைக்குப் பெரும் பங்கு உண்டு. 2013 டிசம்பரில் அது கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது, 2016-ல் முழுதாக எடுக்கப்பட்டது. இன்றைக்கும் "உங்கள் பேஜ்ரேங்க் இவ்வளவு" என்று யாராவது ஒரு எண்ணைக் காட்டினால், அது கூகுளிடமிருந்து வந்ததல்ல.

மூன்றாவது, கருவி விற்கும் நிறுவனங்கள் போடுவது. மோஸ் தருவது டொமைன் அத்தாரிட்டி, அஹ்ரெஃப்ஸ் தருவது டொமைன் ரேட்டிங், மெஜஸ்டிக் தருவது டிரஸ்ட் ஃப்ளோ. இவர்கள் இணையப் பக்கங்களைத் தானாகச் சுற்றிப் படிக்கும் தங்கள் சொந்தத் தேடுநிரல்களை அனுப்பி, கிடைத்த இணைப்புகளை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். கூகுள் இந்த எண்களைப் பயன்படுத்துவதில்லை. அதன் ஊழியர்கள் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள், மோஸ் நிறுவனமே தன் விளக்கத்தில் அதை ஒப்புக்கொள்கிறது.

சரி, உள்ளே இருக்கும் முதல் மதிப்பெண்ணுக்கு இன்னும் எவ்வளவு வலு? கூகுள் தன் தரவரிசை முறைகளைப் பட்டியலிடும் ஆவணத்தில் பேஜ்ரேங்க் இன்றும் இருக்கிறது. நிறைய மாறிவிட்டாலும் மைய முறைகளில் ஒன்றாகத் தொடர்கிறது என்றே அங்கே எழுதியிருக்கிறார்கள். இணைப்புகளையே பார்க்காத ஒரு தேடலை உள்ளுக்குள் சோதித்தோம், முடிவுகள் மோசமாக வந்தன என்று அப்போது கூகுளில் இருந்த மேட் கட்ஸ் 2014-ல் சொன்னார். ரஷ்யாவின் தேடுபொறியான யாண்டெக்ஸ் இதை வெளிப்படையாகவே செய்து பார்த்தது. அதே 2014-ல் மாஸ்கோ வட்டார வணிகத் தேடல்கள் சிலவற்றில் இணைப்புகளைக் கணக்கிலிருந்து விலக்கியது, 2015-ல் திரும்பச் சேர்த்துக்கொண்டது. திரும்பச் சேர்த்தபோது, இணைப்பு வாங்கும் தளங்களைக் கீழே தள்ளும் மினுசின்ஸ்க் என்ற முறையையும் கூடவே கொண்டுவந்தது.

மறுபக்கமும் உண்டு. முதல் மூன்று காரணிகளில் இணைப்பு இப்போது இல்லை என்று கூகுளின் கேரி இல்யெஸ் 2023-ல் சொன்னார். 2024 மார்ச்சில் கூகுளின் ஸ்பேம் கொள்கைப் பக்கத்தில், இணைப்புகளை ஒரு "முக்கியமான" காரணி என்று சொன்ன வரியிலிருந்து அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் கசிந்த கூகுளின் உள் ஆவணங்களில் 14,000-க்கும் மேற்பட்ட பண்புகள் இருந்தன. அவற்றில் பேஜ்ரேங்க் வகைகளும், தளம் முழுவதற்குமான அதிகாரத்தைக் குறிக்கும் ஒரு பண்பும் இருந்தன. எதற்கு எவ்வளவு எடை என்பது அந்த ஆவணங்களில் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது, இணைப்பின் எடை குறைந்திருக்கிறது, போட்டி அதிகமுள்ள தேடல்களில் இன்னும் நன்றாகவே உறைக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளால் உரசிப் பார்க்கிறேன். அது தேடுபொறியின் உள்கணக்கைத் தொடுகிறதா, இல்லை கருவியின் எண்ணை மட்டும் தொடுகிறதா? கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன? நாளைக்கே தேடுபொறி விதியை மாற்றினால் கையில் என்ன மிஞ்சும்? தவறிப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா?

நான்கில் மூன்றாவதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். இந்தத் துறையில் விதி மாறாத ஆண்டு என்று ஒன்றை நான் பார்த்ததில்லை.

## வழி 1: இணைப்புகளை விலைக்கு வாங்குவது

இதன் கவர்ச்சி புரிகிறது. பணம் கொடுத்தால் சில வாரங்களில் எண் ஏறுகிறது, அறிக்கையில் அம்புக்குறி மேலே போகிறது.

என் நண்பர் ஒருவர் ஒரு முகவரிடம் இப்படி வாங்கினார். நாற்பது இணைப்புகள், எல்லாம் "அத்தாரிட்டி 40-க்கு மேல்" என்ற உத்தரவாதத்தோடு. எக்செல் தாளைத் திறந்து ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பக்கத்தில் முதல் பத்தி பல் சிகிச்சை, அடுத்தது சூதாட்டம், அதற்கடுத்தது கடன், நடுவில் ஒரு வாக்கியத்தில் நண்பரின் தளம். அந்தப் பக்கத்தில் மட்டும் எழுபதுக்கும் மேல் வெளி இணைப்புகள். பக்கத்தின் கனம் எழுபதாகப் பிரிந்தால் ஒருவருக்கு என்ன கிடைக்கும்? 1998-ன் கணக்கே அதைச் சொல்லிவிடுகிறது. மாத அறிக்கையில் அத்தாரிட்டி எண் இரட்டிப்பாகியிருந்தது. கூகுள் தேடலிலிருந்து வரும் வருகையைக் காட்டும் சர்ச் கன்சோலில் கிளிக்குகளின் கோடு அப்படியே படுத்துக் கிடந்தது.

மறைந்திருக்கும் செலவுகளில் மிகப் பெரியது தண்டனை இல்லை, மௌனம். 2012 ஏப்ரலில், போலி இணைப்புகளைப் பிடிக்கும் பென்குயின் என்ற கூகுள் முறை வந்தபோது இத்தகைய இணைப்புகளுள்ள தளங்கள் கீழே விழுந்தன, விழுந்ததாவது கண்ணுக்குத் தெரிந்தது. 2016 செப்டம்பரில் பென்குயின் மைய முறையின் பகுதியான பிறகு, பெரும்பாலும் அந்த இணைப்புகளின் மதிப்பை மட்டும் அழித்துவிடுகிறார்கள். 2022 டிசம்பரிலிருந்து ஸ்பேம்பிரெய்ன் என்ற முறையும் இதே வேலையைச் செய்கிறது. உங்களுக்கு அறிவிப்பு எதுவும் வராது. வாங்கியது செல்லாக்காசு என்று தெரியாமலேயே மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். பல விற்பனையாளர்கள் கட்டணம் நின்றதும் இணைப்பை எடுத்துவிடுவார்கள், ஆக இது கொள்முதல்கூட இல்லை, வாடகைதான். மனிதர் பார்த்துப் போடும் கைத்தண்டனை வந்துவிட்டாலோ, ஒவ்வொரு தளத்துக்கும் எழுதி இணைப்பை நீக்கச் சொல்லி, நீங்காதவற்றை டிஸவாவ் கோப்பில் (கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கூகுளுக்குக் கொடுக்கும் பட்டியல்) ஏற்றி, மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்.

காசு கொடுத்து இணைப்பு வாங்குவது சரியாகும் ஓர் இடம் இருக்கிறது. அது விளம்பரம். உங்கள் வாசகர்கள் உண்மையிலேயே புழங்கும் ஒரு தளத்தில் இடம் வாங்கி, இணைப்பில் 'ஸ்பான்சர்டு' என்ற குறியைப் போட்டுவிட்டால் விதிமீறல் இல்லை. தரவரிசைக்கு அதை நம்ப வேண்டாம். ஆட்கள் வருவார்கள், அதற்குத்தான் பணம்.

## வழி 2: உள்ளிணைப்புகளைச் சீர்செய்வது

நம் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து அதே தளத்தின் இன்னொரு பக்கத்துக்குப் போடும் இணைப்புதான் உள்ளிணைப்பு. இந்த வழிக்கு விற்பனையாளர் இல்லை, அதனால் இதைப் பற்றிப் பேசுகிறவரும் குறைவு. சின்னக் கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன்.

நான்கு பக்கம் மட்டுமே உள்ள தளம்: முகப்பு, அறிமுகம், வழிகாட்டி, சேவை. முகப்பு மற்ற மூன்றுக்கும் இணைப்புக் கொடுக்கிறது, மூன்றும் முகப்புக்கு மட்டும் திரும்ப இணைப்புக் கொடுக்கின்றன. பழைய சூத்திரப்படி ஒரு பக்கத்தின் மதிப்பு, 0.15-உடன், தனக்கு வந்துசேரும் பங்குகளின் கூட்டுத்தொகையில் 0.85 பங்கைச் சேர்த்தது. இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்கிறோம். அறிமுகத்திலிருந்தும் வழிகாட்டியிலிருந்தும் சேவைப் பக்கத்துக்கு ஆளுக்கொரு இணைப்பு.

| பக்கம் | முன்பு | மாற்றத்துக்குப் பின் |
|---|---|---|
| முகப்பு | 1.92 | 1.64 |
| அறிமுகம் | 0.69 | 0.61 |
| வழிகாட்டி | 0.69 | 0.61 |
| சேவை | 0.69 | 1.14 |

வெளியிலிருந்து ஓர் இணைப்புக்கூட வரவில்லை. சேவைப் பக்கத்தின் மதிப்பு மட்டும் கிட்டத்தட்ட 64 சதவீதம் ஏறிவிட்டது. கூகுளின் இன்றைய கணக்கு இதே சூத்திரமில்லை, ஆனால் உள்ளே இணைப்பை மாற்றினால் மதிப்பு இடம்மாறும் என்ற அடிப்படை இதுதான்.

அட்டவணையின் இரண்டு நெடுவரிசையிலும் கூட்டுத்தொகை 4 என்பதையும் பாருங்கள் (முதல் நெடுவரிசையில் தசமத்தைச் சுருக்கியதில் 0.01 குறைகிறது). உள்ளிணைப்பு புதிதாக எதையும் கொண்டுவராது, இருப்பதைப் பங்கிடும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். பிறந்து ஒரு மாதமேயான, வெளியில் யாரும் சுட்டாத தளத்துக்கு இந்த வழி தரும் பலன் சிறியது. பல ஆண்டுகள் ஓடி, நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்துவிட்ட தளத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

இதிலும் மறைசெலவு உண்டு. பெரும்பாலும் அது நேரம். எந்தப் பக்கம் எதற்கு இணைப்புக் கொடுக்கலாம் என்பதை, உள்ளடக்கம் தெரிந்த ஆள் படித்துப் பார்த்துத்தான் முடிவுசெய்ய முடியும். தானியங்கிச் செருகுநிரல்கள் ஒரே சொல் வந்த இடமெல்லாம் இணைப்பை ஒட்டிவிடும், அப்புறம் ஒவ்வொன்றின் பங்கும் தேய்ந்துபோகும். வாசகர் கிளிக் செய்ய வாய்ப்புள்ள இணைப்புக்குக் கூடுதல் எடை தரும் முறைக்குக் கூகுள் 2004-ல் விண்ணப்பித்து 2010-ல் காப்புரிமை பெற்றது. ஆக, பக்கத்தின் அடிப்பகுதியில் நாற்பது இணைப்புகளை அடுக்குவதைவிடப் பத்திக்குள் பொருத்தமான இடத்தில் ஒன்று போடுவது மேல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு பழைய தந்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். தொடர்பு, தனியுரிமை போன்ற பக்கங்களுக்குச் செல்லும் உள்ளிணைப்புகளில் நோஃபாலோ (இந்த இணைப்பைக் கணக்கில் எடுக்காதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி) போட்டால் மீதிப் பக்கங்களுக்குக் கூடுதலாகப் பாயும் என்று பலர் செய்துவந்தார்கள். அந்தப் பங்கு மற்றவற்றுக்குத் திரும்பாமல் ஆவியாகிவிடும் என்று 2009-லேயே கூகுள் தெளிவுபடுத்திவிட்டது. இன்னும் அப்படி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

## வழி 3: இணைப்பைச் சம்பாதிப்பது

வெளியிலிருந்து உண்மையான மதிப்பைக் கொண்டுவரும் ஒரே வழி. மெதுவான வழியும் இதுதான்.

பிறர் எதற்கு இணைப்புக் கொடுக்கிறார்கள்? தாங்கள் எழுதும்போது ஆதாரமாகக் காட்ட ஒன்று தேவைப்படுகிறது, அதற்காக. நீங்களே திரட்டிய தரவு, ஒரு கணிப்பான், நன்றாக வரைந்த விளக்கப்படம், ஒரு குழப்பத்தை முழுதாகத் தீர்த்துவைக்கும் விளக்கம், இவைதான் இணைப்பை ஈர்க்கின்றன. "எங்கள் சேவைகள்" பக்கத்துக்கு மனமுவந்து இணைப்புக் கொடுப்பவர் அரிது. இங்கேதான் இந்த வழியின் மறைசெலவு இருக்கிறது. இணைப்பு வந்துசேரும் பக்கம் ஒன்று, உங்களுக்கு வருமானம் தரும் பக்கம் வேறொன்று. நடுவே உள்ளிணைப்பு இல்லாவிட்டால் வந்த மதிப்பு வழிகாட்டிப் பக்கத்திலேயே தேங்கிவிடும். அதனால்தான் வழி 2-ஐ முடித்துவிட்டு இதற்கு வரச் சொல்கிறேன்.

எந்த வாய்ப்பைத் துரத்தலாம் என்று முடிவுசெய்ய, அந்தத் தளத்தின் அத்தாரிட்டி எண்ணை நான் முதலில் பார்ப்பதில்லை. அந்த இணைப்பு வழியாக ஒரு மனிதராவது வருவாரா என்று பார்க்கிறேன். வருவார் என்றால் அது நோஃபாலோவாக இருந்தாலும் வேண்டும். 2019-க்குப் பிறகு கூகுள் நோஃபாலோவைக் கண்டிப்பான கட்டளையாக எடுத்துக்கொள்வதில்லை, ஒரு குறிப்பாகவே பார்க்கிறது. தேடலில் ஒன்றும் கிடைக்காமல் போனாலும், வந்த வாசகர் வந்தவர்தான்.

நிச்சயமில்லாமை இந்த வழியின் பெரிய குறை. ஆறு வாரம் உழைத்துச் செய்த தரவுப் பக்கத்தை யாரும் கண்டுகொள்ளாமலும் போகலாம். எனக்கு அப்படி நடந்திருக்கிறது. ஆனால் விதிகள் எப்படி மாறினாலும் அந்தப் பக்கம் நம்முடையது.

## வழி 4: இணைப்பை மறந்து, பக்கத்தை மட்டும் கவனிப்பது

பலருக்கு இதுவே போதும், நம்பினால் நம்புங்கள். குறுகிய, யாரும் சரியாகப் பதில் சொல்லாத கேள்விகளுக்குப் பக்கம் எழுதுகிறீர்கள் என்றால், இணைப்பே இல்லாமல் முதல் பக்கத்துக்கு வரலாம். பக்கங்களை வரிசைப்படுத்த மிகக் குறைந்த இணைப்புகளே தேவைப்படுகின்றன என்று 2024-ல் இல்யெஸ் மறுபடியும் சொன்னார். அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில், தேடுபவர்கள் எதைக் கிளிக் செய்கிறார்கள் என்ற 13 மாதத் தரவை நேவ்பூஸ்ட் என்ற முறை பயன்படுத்துகிறது என்று கூகுளின் பாண்டு நாயக் 2023-ல் சாட்சியம் சொன்னார். வந்தவர் திருப்தியாகத் தங்குகிறாரா என்பதும் உள்கணக்கில் இருக்கிறது என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

காப்பீடு, கடன், மருத்துவம் போன்ற துறைகளில் இந்த வழி ஓர் உயரத்துக்குமேல் ஏறாது. இன்னொன்று, எங்கிருந்துமே இணைப்பு இல்லாத புதுப் பக்கத்தைத் தேடுநிரல் கண்டுபிடிப்பதே தாமதமாகும். முழுதாக மறந்துவிட முடியாது.

## நான்கு வழிகளும் அருகருகே

| | உள்கணக்கைத் தொடுமா | மறைசெலவு | கையில் மிஞ்சுவது | பின்வாங்க முடியுமா |
|---|---|---|---|---|
| விலைக்கு வாங்குவது | பெரும்பாலும் கருவியின் எண்ணோடு நின்றுவிடும் | மாத வாடகை, தண்டனை பயம் | ஒன்றுமில்லை | கடினம் |
| உள்ளிணைப்பு | தொடும், இருப்பதைப் பங்கிடும் | படித்துத் திருத்தும் நேரம் | ஒழுங்கான தளம் | ஒரு நாளில் முடியும் |
| சம்பாதிப்பது | தொடும், புதிதாகக் கொண்டுவரும் | மாதக்கணக்கான உழைப்பு, நிச்சயமின்மை | நல்ல பக்கம், நேரடி வாசகர்கள் | தேவையே வராது |
| பக்கம் மட்டும் | வேறு காரணிகள் வழியாக | போட்டித் துறையில் உச்சவரம்பு | நல்ல பக்கம் | தேவையே வராது |

## உங்கள் நிலைக்கு எது

கருவிகளின் மதிப்பெண் சரியாகப் பயன்படும் இடம் இங்கேதான். நீங்கள் வர விரும்பும் தேடலின் முதல் பத்து முடிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தளத்தின் எண்ணை விட்டுவிட்டு, அந்தந்தப் பக்கத்துக்கு எத்தனை தனித்தனித் தளங்கள் இணைப்புக் கொடுக்கின்றன என்று பாருங்கள். பத்தில் பாதிக்கு ஒன்றோ இரண்டோதான் என்றால் வழி 4 போதும், இணைப்புக்காக ஒரு மணி நேரம்கூடச் செலவழிக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நூறு, இருநூறு என்றால் அந்தத் தேடலை இப்போதைக்கு விட்டு, அதன் குறுகிய வடிவம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இடையே ஓர் உயிருள்ள தரவுப் பக்கத்தைக் கட்டத் தொடங்குங்கள்.

எண்ணின் இயல்பையும் மனதில் வையுங்கள். டொமைன் அத்தாரிட்டி மடக்கை அளவில் ஏறுவது. 20-லிருந்து 30 எளிது, 70-லிருந்து 80 மலை. மற்றத் தளங்களோடு ஒப்பிட்டுப் போடுவதால், நீங்கள் எந்தத் தவறும் செய்யாமலேயே அது இறங்கவும் செய்யும். அதை மாத இலக்காக வைத்து ஊழியரை விரட்டுவது நியாயமில்லை.

பழைய தளம் என்றால், புதிய இணைப்பைத் தேடும் முன் ஒரே ஒரு வேலை. வெளியிலிருந்து இணைப்பு வந்துகொண்டிருக்கும் முகவரிகளின் பட்டியலை எடுத்து, அவற்றில் எவை இப்போது 404 ("பக்கம் இல்லை") காட்டுகின்றன என்று பாருங்கள். அவற்றுக்குப் பொருத்தமான பக்கத்துக்கு 301 எனப்படும் நிரந்தர வழிமாற்றம் போடுங்கள். வழிமாற்றத்தால் பேஜ்ரேங்க் இழப்பு இல்லை என்று கூகுள் 2016-லேயே சொல்லிவிட்டது. எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடாதீர்கள், தொடர்பில்லாத வழிமாற்றத்தைப் பக்கமே இல்லாததுபோல நடத்திவிடுவார்கள்.

நண்பரின் தளத்திலும் அதைத்தான் செய்தோம். அந்த நாற்பது இணைப்புகளுக்கான கட்டணத்தை நிறுத்திவிட்டுப் பட்டியலை இறக்கிப் பார்த்தபோது, தளத்தைப் புதுப்பித்தபோது அழிந்துபோன பழைய வழிகாட்டி ஒன்று அதில் இருந்தது. அவரே எழுதியது, படங்களோடு. இரண்டு கல்லூரிப் பாடப் பக்கங்களும் ஒரு தொழில்முறைச் சங்கமும் இன்னமும் அந்த முகவரிக்கு ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தன. வந்தவர்கள் எல்லாரும் "பக்கம் இல்லை" என்ற செய்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். பழைய காப்புப் பிரதியில் வழிகாட்டி பத்திரமாக இருந்தது. அன்று மாலையே அதே முகவரியில் திரும்ப ஏற்றி, அதன் மூன்றாவது பத்தியிலிருந்து சேவைப் பக்கத்துக்கு ஓர் இணைப்புப் போட்டோம்.